பிளாஸ்டிக்கில் மின்சாரம் ஓட்டிய நாள்

எண்பதுகளின் நடுவில் இலங்கை மலையகத்தில், பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் நான் விஞ்ஞான ஆசிரியர். எங்கள் லயக் குடியிருப்புகளுக்குச் செம்புக் கம்பியில்கூட மின்சாரம் வந்தபாடில்லை. நானோ அதைப் பிளாஸ்டிக்கில் ஓட்டிக் காட்டக் கிளம்பினேன். ஏதோ சஞ்சிகையில் படித்துப் பிடித்த கிறுக்கு.

எட்டாம் வகுப்போடு அங்கே படிப்பு முடிந்துவிடும். பிறகு கொழுந்துக் கூடைதான். மேல் வகுப்பு திறக்கலாமா என்று பார்க்கக் கல்வி அதிகாரி வருவதாகவும், நான் ஒரு பாடம் நடத்திக் காட்ட வேண்டும் என்றும் சொல்லி அனுப்பியிருந்தார்கள். ஒழுங்காகத் தேயிலை இலையைப் பற்றி நடத்தியிருக்கலாம். திமிர், வேறென்ன.

விஷயம் இவ்வளவுதான். சில வகைப் பிளாஸ்டிக்கின் அணுச் சங்கிலியில் ஒரு மின்னேற்றம் வந்து உட்கார்ந்தால், பக்கத்து அணுக்கள் அதற்காகக் கொஞ்சம் வளைந்து கொடுக்கும். அது நகர்ந்தால் வளைவும் கூடவே நகரும். விட்டுப்போன இடம் நிமிர்ந்துவிடும். மின்னேற்றமும் வளைவும் சேர்ந்த அந்த ஜோடிக்குப் போலரன் என்று பெயர்.

பிள்ளைகளைப் பாதையோரம் வரிசையாக நிறுத்தினேன். அவர்கள் சங்கிலி, கைக்குக் கை போகும் ஒரு டென்னிஸ் பந்து மின்னேற்றம். பந்து யாரிடம் இருக்கிறதோ, அவனும் பக்கத்தில் நிற்பவர்களும் குனிய வேண்டும். ஒரு வாரம் பழக்கியும் உருப்படவில்லை. பந்து வருமுன்பே குனிந்தார்கள், போன பின்பும் குனிந்தார்கள், மிச்ச நேரமெல்லாம் சிரித்தார்கள். எனக்குத் தொண்டை கட்டியதுதான் மிச்சம்.

அதிகாரி வந்த அன்றும் அதே கூத்து. மூன்றாவது பையனே பந்தைத் தண்ணீர் ஓடும் கானுக்குள் போட்டுவிட்டான். மேல் வகுப்பு போச்சு என்று நினைத்தபோது, அதிகாரியைப் பார்க்கத் தோட்டத்தை நிர்வகிக்கும் துரை ஜீப்பில் வந்து இறங்கினார். வரிசையை ஒட்டி நடந்தார்.

துரை வந்தால் ஒதுங்கிக் குனிவது எங்கள் வழக்கம். தோட்டங்களை வெள்ளைக்காரக் கம்பெனிகளிடமிருந்து அரசாங்கம் எடுத்தது. இந்த வழக்கத்தை யாரும் எடுக்கவில்லை. அவர் நெருங்க நெருங்கப் பிள்ளைகள் குனிந்தார்கள், கடந்ததும் நிமிர்ந்தார்கள். ஒரு பிசகில்லாமல் அந்த வளைவு வரிசையின் கடைசி வரை அவரோடேயே போனது.

"இதுதாங்க சேர் போலரன்!" என்று கத்திவிட்டேன். "தொரைதாங்க மின்னேத்தம்!"

துரை நின்றார். "மாஸ்டர், நான் என்னா?"

"பிளாஸ்டிக்ல ஓடுற மின்சாரமுங்க, தொரை."

அவருக்குப் பெருமையோ குழப்பமோ, தலையாட்டிவிட்டுப் பாடசாலை அலுவலகத்துக்குள் போனார்.

அதிகாரி என்னையே பார்த்தார். "மின்னேத்தம் போனதும் சங்கிலி நிமிரணும் இல்லீங்களா, மாஸ்டர்?"

"ஆமாங்க சேர்."

"அப்ப நீங்க ஏன் இன்னும் குனிஞ்சே நிக்கிறீங்க?"

பிள்ளைகள் எல்லாரும் நிமிர்ந்து நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவசரமாக நிமிர்ந்தேன்.

மேல் வகுப்புக்கு அனுமதி கிடைத்தது. பாடத்தை ஆசிரியர் தாமே செய்து காட்டினார் என்று அதிகாரி அறிக்கையில் எழுதியிருந்தார்.