துவைக்காமல் எடுத்துப் போன சட்டை

அறுவடைப் பண்டிகை ஆராதனை முடிந்து வந்த மதியம், என் வீட்டுக்காரர் என் இடது கையை உடைத்தார். குழம்பில் உப்பு கூடிவிட்டது, அதற்காக. மண்வெட்டிக் காம்பால் அடித்தார். தடுக்க வந்த என் மகள் எஸ்தரின் தலையைப் பிடித்துக் கதவு நிலையில் மோதினார். பதிமூன்று வயதுப் பிள்ளை. நெற்றி பிளந்து அவருடைய வெள்ளைச் சட்டையெல்லாம் ரத்தம்.

சபையில் எழுந்து நின்று பேச எனக்கு நாக்கு எழும்பாது. பத்தாம் வகுப்புதான் படித்தேன். அதனால் சபைச் சகோதரிகளாகிய உங்களுக்கு எழுதிக் கொடுக்கிறேன்.

வானூர் பக்கம் அவரோடு பதினாறு வருடம் வாழ்ந்தேன். மூன்றாம் வருடமே அடி தாங்காமல் கிளியனூரில் இருக்கும் அம்மா வீட்டுக்கு ஓடினேன். சபை மூப்பர் வந்து, சின்ன அட்டை ஒன்றில் பைபிளின் மல்கியா புத்தகத்து வசனத்தை எழுதிக் கொடுத்துத் திருப்பி அனுப்பினார். ‘தள்ளிவிடுதலை நான் வெறுக்கிறேன்.’ புருஷன் பெண்சாதி பிரிவதைக் கர்த்தர் வெறுக்கிறார் என்று அர்த்தம். அட்டையில் அவ்வளவுக்குத்தான் இடம். என் வீட்டுக்காரர் அதற்குக் கண்ணாடி போட்டுக் கூடத்தில் மாட்டினார். அடிப்பதற்கு முன் முடியைப் பிடித்து இழுத்துவந்து அதன் எதிரே நிறுத்துவார்.

“என்னா போட்டிருக்குது? சத்தமா படி. கர்த்தரே வெறுக்கிறாரு, உங்கம்மா மட்டும் சேத்துக்குவாளா?”

படிப்பேன். பிறகு அடி விழும். சட்டையில் ரத்தம் பட்டால் நானே துவைப்பேன். அடுத்த ஞாயிறு வெள்ளையாகப் போட்டுக்கொண்டு முன்வரிசையில் உட்காருவார். சபையில் அவர் பெயர் கெடக்கூடாது என்று நினைத்தேன்.

கை உடைந்த அன்றைக்கும் அந்தச் சட்டையைப் பையில் திணித்துக்கொண்டுதான் திண்டிவனம் ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் போனேன். அங்கே துவைத்துவிடலாம் என்று. வழுக்கி விழுந்தோம் என்று டாக்டரிடம் சொன்னேன். நெற்றியில் தையல் போடும்போது எஸ்தரும் அதையே சொன்னாள். என் பொய் என் பிள்ளை வாயில் வந்ததும் உடைந்து போனேன். “ஆண்டவரே, நாங்கள் அடிபட்டுச் சாவதுதான் உமக்குப் பிரியமா? ஒரு வார்த்தை சொல்லும்” என்று ஜெபித்தேன்.

மறுநாள் காலை, வார்டு குழாயடியில் ஒரு கையால் சட்டையை விரித்தேன். நோயாளிகளுக்காக ஜெபிக்க வரும் ரூத் என்ற சகோதரி, வேதாகமக் கல்லூரியில் எபிரேயு படித்தவர், பார்த்துவிட்டார்.

“ஒத்தக் கையால ஏங்க்கா கஷ்டப்படுறீங்க? குடுங்க, நான் தோய்க்கிறேன்” என்று வாங்கியவர், ரத்தத்தைப் பார்த்ததும் குழாயை மூடினார். அதுவரை மூடி மறைத்ததையெல்லாம் அவரிடம் சொன்னேன். அட்டையைப் பற்றியும் சொன்னேன்.

அவர் பைபிளைத் திறந்தார். “வசனம் அங்க முடியலக்கா. கொடுமையால தன் வஸ்திரத்த மூடுறவன பத்தியும் அதுலியே இருக்குது.”

அந்த வரியை நானும் வாசித்திருக்கிறேன். ‘கொடுமை’ என்பது வெயில் கொடுமை, கொசு கொடுமை என்று எல்லாவற்றுக்கும் சொல்கிற சொல்தானே என்று தாண்டிவிடுவேன்.

“எபிரேயுல அது காமாஸ். கை ஓங்கி ரத்தம் சிந்துற வன்முறை. நோவா காலத்துல பூமி எதால நெறஞ்சிப்போச்சின்னு வெள்ளம் அனுப்பினாரோ, அதே வார்த்தை. அதையும் அவரு வெறுக்கிறாருக்கா. அந்த வஸ்திரந்தான் இந்தச் சட்டை. நீங்க இத தோய்ச்சி மறைச்சிக்கினு இருக்கீங்க.”

என் ஜெபத்துக்குப் பதில் நான் துவைக்க எடுத்த சட்டையிலேயே இருந்தது. டாக்டரிடம் உண்மையைச் சொன்னேன். ரூத் துணைக்கு வர, சட்டையை அப்படியே மகளிர் காவல் நிலையத்தில் மேசைமேல் வைத்தேன். என் வீட்டுக்காரரைக் கைது செய்தார்கள்.

இரண்டு வருடமாகிறது. அம்மா வீட்டில் தையல் மிஷின் போட்டிருக்கிறேன். எஸ்தர் பத்தாவது படிக்கிறாள். நெற்றியில் தழும்பு இருக்கிறது. யார் கேட்டாலும் மறைக்காமல் சொல்கிறாள்.

அந்த மூப்பர் மறுபடி வந்தார், திரும்பிப் போகச் சொல்ல. பைபிளை நீட்டினேன். முழு வசனத்தையும் வாசித்துவிட்டு, பைபிளை மூடி என்னிடம் திருப்பிக் கொடுத்தார்.

“நாந்தாம்மா பாதிய மட்டும் எழுதிட்டேன்” என்றார்.

சகோதரிகளே, உங்கள் வீட்டிலும் ரத்தம் பட்ட துணி ஊறிக்கொண்டிருந்தால், அதைப் பிழிந்து காயப்போடாதீர்கள். எடுத்துக்கொண்டு வெளியே வாருங்கள். அந்தத் துணியைப் பற்றி என் தேவன் முன்னமே எழுதி வைத்திருக்கிறார். அவரை நம்பி வரலாம்.