பசிக்காகக் காத்திருந்த நாட்கள்

ஸ்கேன் எடுத்த டாக்டர் திரையைத் திரும்பவும் பார்த்தபோதே எனக்குப் பகீரென்றது. படுத்த படுக்கையாகக் கிடந்தவன் என் தம்பி. அவனுக்குக் கல்லீரலில் ஒரு பகுதியைக் கொடுக்க வந்தவள் நான். என் ஈரலே சரியில்லை என்றார்கள்.

ஃபேட்டி லிவர் (கல்லீரல் செல்களில் கொழுப்பு சேர்ந்துவிடுவது). இந்த நிலையில் வெட்டி எடுத்தால் இருவருக்குமே ஆபத்து, கொழுப்பு குறைந்தால் வாருங்கள் என்றார் அறுவை மருத்துவர். வீட்டில் வேறு யாருடைய ரத்த வகையும் ஒத்துவரவில்லை. அதுவரை தம்பி தாங்குவானா என்று கேட்டேன். சீக்கிரம் குறைத்துக்கொண்டு வாருங்கள் என்றார்.

வீரபாண்டியில் ஒரு பனியன் கம்பெனியில் தைத்த துணியில் குறை பார்க்கும் செக்கிங் சூப்பர்வைசராக இருக்கிறேன். ஷிப்மெண்ட் நெருங்கினால் ஒன்றரை ஷிப்ட். மணி அடித்தால் டீயும் பன்னும், வேலை முடிந்து நடுச்சாமத்தில் சோறு. பசித்துச் சாப்பிட்டதாக நினைவே இல்லை.

முன்பு மூட்டுவலிக்குப் பார்த்த ஆயுர்வேத டாக்டரம்மாவிடம் ஓடினேன். சொந்தக்காரர்கள் கொடுத்த பொடிகளும் கசாய பாட்டில்களும் கையில் ஒரு பை நிறைய இருந்தன. அவர் பையை வாங்கி ஓரமாக வைத்துவிட்டார்.

“ஆப்பரேசனுக்குப் போறவங்களுக்கு நான் மருந்து தரமாட்டனுங்க. உங்க பெரிய டாக்டருக்குத் தெரியாம ஒரு பொடியும் உள்ள போகக்கூடாது. பசிச்சாத்தான் சாப்புடோணும். பொழுது சாயறதுக்குள்ள முடிச்சுரோணும்.”

எனக்குக் கோபம் வந்தது. தம்பி செத்துக்கொண்டிருக்கிறான், இந்தம்மா பசியைப் பற்றிப் பேசுகிறார். என் அக்னி (செரிக்கும் சக்தி) மந்தமாகிவிட்டது என்றார். பார்லிக் கஞ்சி, கொள்ளு, பாசிப்பயறு, மோர், தினமும் நடை என்று எழுதிக் கொடுத்தார். அதை அறுவை மருத்துவரிடம் காட்டினேன். சரி, பட்டினி மட்டும் கிடக்காதீர்கள் என்றார்.

கம்பெனியில் சண்டை போட்டு ஒரு ஷிப்டுக்கு மாறினேன். ஆனால் பசி வரவில்லை. தலைவலியும் எரிச்சலும்தான் வந்தன. நெய் ஊற்றிச் சோறு வைத்த அம்மாவிடம் கத்தினேன். கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் தம்பிக்கு வயிற்றில் நீர் கோத்து, சாப்பாட்டு வாசனையே ஆகவில்லை. ஒருநாள் போனில் சொன்னான்:

“எனக்காவ வயித்தக் காயப்போடாதீங்கக்கா. எனக்கு ஏதாச்சும் ஆனா நீங்க பொறுப்பில்லீங்க.”

வாயை மூடுடா என்று போனை வைத்துவிட்டு, கம்பெனி கழிப்பறைக்குள் போய் அழுதேன்.

அதற்கப்புறம் ஒரு சாயங்காலம், செக்கிங் மேசையருகே நிற்கும்போது வயிறு சத்தம் போட்டது. பக்கத்துப் பெண்கள் சிரித்தார்கள். நான் கஞ்சித் தூக்கை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

மறு ஸ்கேனில் கொழுப்பு குறைந்திருந்தது. ஊசியால் ஈரலில் துணுக்கு எடுத்தும் (பயாப்ஸி) பார்த்தார்கள். இது போதும், கொடுக்கலாம் என்றார்கள். இதே ரிப்போர்ட்டோடு உட்கார்ந்திருப்பவர்களுக்குச் சொல்கிறேன்: எனக்குக் குறைந்தது, எல்லோருக்கும் இப்படிக் குறையும் என்று சொல்லமாட்டேன். எதைச் சாப்பிட்டாலும் உங்கள் டாக்டரிடம் மறைக்காதீர்கள்.

அறுவை முடிந்து என்னால் உட்கார முடிந்ததும், சக்கர நாற்காலியில் தம்பியிடம் தள்ளிக்கொண்டு போனார்கள். கண்ணில் மஞ்சள் கொஞ்சம் மிச்சமிருந்தது. மெதுவாக, “பசிக்குதுங்கக்கா” என்றான்.

கொடுத்த ஈரல் எனக்குள் திரும்ப வளர்ந்துவிட்டதாம். தழும்பைத் தொட்டால் இன்னும் மரத்திருக்கிறது. மணி பார்க்காமலே பொழுது சாய்வது வயிற்றுக்குத் தெரிகிறது. சாப்பிட உட்காரும் முன் அவனுக்குப் போன் செய்து சாப்பிட்டாயா என்று கேட்பேன்.

“அப்பவே ஆச்சுங்க,” என்கிறான். “உங்க ஈரலுங்க, பொழுது சாஞ்சா சாப்புட உடமாட்டேங்குது.”