புதரில் மான் மேய்த்தவள்

செவ்னேயை எனக்கு முதலில் ஆகவே ஆகாது. அதை ஒளிக்காமல் சொல்லிவிட்டு மற்றதைச் சொல்கிறேன். அவள் என் ஓரகத்தி, என் கணவர் வவுலியின் தம்பிக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். அவள் தாய்வீடு, ஓப் ஆற்றங்கரையில் மீனுக்கு வலை போட்டுப் பிழைக்கும், ஒரு மான்கூட இல்லாத குடும்பம். எது சினை மான், எது மலடு என்று கேட்டால் திருதிருவென்று விழிப்பாள். மீன்காரி என்றுதான் அவளைக் கூப்பிடுவோம்.

கொழுந்தன் இறந்ததும் தன்னுடையது என்று அவர் காதுக்குறி போட்ட நாற்பது மான்களும் அவளுக்கு வந்தன. தாய்வீட்டுக்குப் போய்விடு என்று நானே ஜாடையாகச் சொல்லிப் பார்த்தேன். அவள் அசைந்து கொடுக்கவில்லை. எங்களோடு சேர்ந்து மான்களை ஓட்டிக்கொண்டு யமால் பனிவெளி முழுக்க அலைந்தாள். விறகு வெட்டும் வேலை அவள் தலையில் விழுந்தது. இங்கே மரம் ஏது? ஓடைப் பள்ளங்களில் இடுப்பு உயரம் வளரும் புதர்தான் விறகு. ஆண்கள் அந்தப் பக்கம் எட்டியும் பார்க்க மாட்டார்கள். புதருக்குள் மான் புகுந்தால் எண்ண முடியாது, ஓநாய் வந்தாலும் தெரியாது. இவளோ தாய்வீட்டுப் பழக்கத்தில் விறகோடு விறகாக வெள்ளைக் கவுதாரிக்குக் கண்ணியும் வைத்துவிட்டு வருவாள்.

அந்த நவம்பரில், பனி விழுந்து கிடந்த தரைமேல் இரண்டு நாள் மழை கொட்டியது. மூன்றாம் நாள் எல்லாம் இறுகிவிட்டது. மேட்டு நிலத்தின் வெள்ளைப்பாசிதான் எங்கள் மான்களுக்குக் குளிர்கால உயிர். அதன்மேல் ஒரு சாண் பனிக்கட்டி. குளம்பால் தோண்டித் தோண்டி மான்களின் கணுக்கால் கிழிந்து ரத்தம் வந்தது. வவுலி தன் அப்பா செய்தபடியே மேடு மேடாகப் போய் ஓட்டுகோலைக் குத்திப் பார்த்தார். தெற்கு மேட்டில் பனிக்கட்டி மெலிந்திருக்கும், அங்கே போவோம் என்றார். எட்டு நாள் பயணம்.

அன்றைக்குச் செவ்னே விறகோடு வந்தவள், இறக்கி வைக்காமலே அவர் முன்னால் நின்றாள்.

"அத்தான், தெற்க போக வேணாம். ஓடைக்குள்ள பனி ஆழமாக் கெடக்கு. மழைத்தண்ணி தரை வரைக்கும் எறங்காம மேலாப்புலயே உறைஞ்சுபோச்சு. கோடாலியால ஒடச்சுப் பாத்தேன், அடியில மாவு மாதிரி இருக்கு, புல்லு பச்சையாவே நிக்குது."

"எம் மான் என்ன முயலா, குச்சியக் கடிச்சுத் திங்க?" என்றார் வவுலி. நான் வாய்விட்டுச் சிரித்தேன்.

அவள் சிரிக்கவில்லை. "முயல் பட்டையக் கடிக்குது, கவுதாரி மொட்டக் கொத்துது, எலி வேரைத் திங்குது. இத்தனை வாய்க்கும் அங்க ஏதோ ஒண்ணு இருக்கு. ஒண்ணு போனாலும் இன்னொண்ணு நிக்கும். நம்ம மேட்டுல மானத் தவிர வேற எந்த வாய் மேயுது? ஒரே பாசி. அதுவும் பூட்டிக்கிச்சு."

வவுலி வண்டிகளைக் கட்டப் போய்விட்டார். மறுநாள் தெற்கே கிளம்பக் கூடாரத்தைப் பிரித்தோம். அவள் மட்டும் தன் காதுக்குறி மான்களைப் பிரித்து ஓடைப் பக்கம் ஓட்டினாள். ஒற்றைப் பொம்பளை, செத்தொழியப் போகிறாள் என்று நான் சத்தமாகவே சொன்னேன். அவள் காதில் விழுந்திருக்கும். திரும்பிப் பார்க்கவில்லை.

தெற்கு மேட்டிலும் அதே கட்டிதான். சினை மான்கள் முதலில் படுத்தன. படுத்த மான் எழுந்திருப்பதில்லை. தோலை உரித்துக்கொண்டே வவுலி ஒருநாள் குலுங்கி அழுதார். முந்நூறு மான்களில் எழுபது மிஞ்சின. அப்போதும் அவர் தெற்கே பார்த்துக்கொண்டிருந்தார். நான்தான் சறுக்கு வண்டியை வடக்கே, அவள் இருந்த ஓடைப் பக்கம் திருப்பினேன். மானம் போனால் போகட்டும், மான் போனால் நாங்கள் மனிதர்களே இல்லை.

வழியெல்லாம் எனக்கு ஒரே பயம், அவளும் செத்துக் கிடந்தால் யார் முகத்தில் விழிப்பது? போய்ச் சேர்ந்தபோது அவள் ஓடைக்குள் பனிக்கட்டியை வெட்டிக்கொண்டிருந்தாள். அவள் உடைக்க உடைக்க மான்கள் பின்னாலேயே மூக்கை நுழைத்துத் தின்றன. எலியைத் தேடி நரி வந்து, அதன் பின்னால் ஓநாயும் வந்து ஆறு மான்களைக் கொண்டுபோயிருந்தது. மீதி முப்பத்துநாலும் காலூன்றி நின்றன. அவள் கையைப் பார்த்தேன். தோல் உரிந்து துணி சுற்றியிருந்தது. வெட்கத்தில் என் கைகளைப் பின்னால் ஒளித்துக்கொண்டேன்.

வவுலி எங்கள் மான்களை ஓடைக்குள் இறக்கப் போனார். அவள் குறுக்கே வந்து நின்றாள்.

"இங்க வேணாம் அத்தான். நூறு வாய் இறங்குனா பத்து நாள்ல மொட்டையாயிடும், அப்புறம் உங்களுதும் இல்ல, என்னுதும் இல்ல. மேல அடுத்த ஓடைக்குக் கொண்டுபோங்க. அங்கயும் முயல் புழுக்க கெடக்கு, எலி வளை கெடக்கு."

துரத்துகிறாள் என்றே நினைத்தேன். நாங்கள் செய்ததற்கு எங்களுக்கு இது வேண்டும்தானே. மான்களைத் திருப்பி ஓட்டிப் போனோம். அடுத்த ஓடையில் இறங்கியதும் வவுலி அப்படியே நின்றுவிட்டார். இரண்டு கூடார நீளத்துக்குப் பனிக்கட்டி வெட்டிப் புரட்டப்பட்டு, அடியில் புல் தெரிந்தது. மான்கள் எங்களை இடித்துத் தள்ளிக்கொண்டு போய் வாய் வைத்தன.

செவ்னே பின்னாலேயே வந்திருந்தாள். "இத எப்படி வெட்டுன?" என்று கேட்டேன்.

"தினம் எம் மானுக்கு வெட்டி முடிச்சதும் இங்க கொஞ்சம்."

"நாங்க வருவோம்னு எப்படித் தெரியும்?"

"வராம எங்க போவீங்க அக்கா?" என்றவள் கோடாலியை வவுலியிடம் நீட்டினாள். "எங்கிட்ட இது ஒண்ணுதான். நாளையிலேர்ந்து இந்த ஓடைய நீங்க வெட்டுங்க, உங்களுது முடிஞ்சதும் எனக்குக் குடுத்தனுப்புங்க."

வவுலி இரண்டு கையாலும் அதை வாங்கிக்கொண்டார்.