மல்லாட்டைத் தோலில் மின்சாரம்: அடி அண்ணாமலையில் திருத்திய கணக்கு

வேளாண் கழிவிலிருந்து மின்சாரம் எடுக்கும் திட்டங்களுக்கு ஆய்வுப் பயணம் கிளம்புகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். எண்பதுகளின் தொடக்கத்தில் நான் மின் திட்டப் பிரிவில் இளம் பொறியாளன். வெளியிலிருந்து எண்ணெய் வாங்கிக் கட்டுப்படியாகவில்லை. நம் மண்ணில் கிடைப்பதை எரித்தே மின்சாரம் எடுக்க வேண்டும் என்று மேலிடம் சொன்னது. திருவண்ணாமலைப் பக்கம் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, நிறைய விளைகிறது. எத்தனை ஏக்கர், ஏக்கருக்கு எவ்வளவு தோல் என்று சென்னையிலேயே கணக்குப் போட்டுவிட்டேன். நேரில் பார்த்துக் கையெழுத்துப் போடுவதுதான் பாக்கி.

தை மாதம். காலை ஐந்தரைக்குச் சென்னையில் பஸ் ஏறினேன். 190 கிலோமீட்டர், டிக்கெட் பதினைந்து ரூபாய், பதினொன்றரைக்குத் திருவண்ணாமலை. பஸ் நிலையத்துக்கு எதிரில் வாடகை சைக்கிள் எடுத்துக்கொண்டு, செங்கம் சாலை வழியாக ஆறு கிலோமீட்டர் மிதித்து அடி அண்ணாமலை போய்ச் சேர்ந்தேன். (வெயிலுக்குத் தலையில் துண்டு அவசியம்.)

மூன்று ஏக்கரில் மல்லாட்டை போட்டிருந்த கன்னியம்மாள் கொட்டகையைத் திறந்து காட்டினார். கூரை வரைக்கும் தோல் மூட்டைகள். "இதை நாங்க விலைக்கு எடுத்துக்குவோம்" என்றேன்.

"எடுத்துட்டீங்கனா மழைக்காலத்துல நான் எத வெச்சி அடுப்பு எரிக்கிறது?"

"அதான் காசு குடுப்போமேம்மா."

"காசு இருந்தா மட்டும் வெறகு எங்க கெடைக்குதுங்க? மலையில வெட்டக்கூடாதுனு வேற சொல்றாங்க. கரண்டு வேணாம்னு சொல்லல. எங்க மோட்டாருக்கு கம்மியாதான் வருது. தோலை எடுக்காம கரண்டு குடுக்க முடியாதா?"

என் கணக்கில் அவர் அடுப்பே இல்லை. சும்மா கிடக்கிறது என்று நான் எழுதியிருந்த தோலில் பாதிக்கு மேல் இப்படி வீடுகளில் எரிகிறது என்பது அடுத்த நான்கு தெருக்களில் விசாரித்தபோது புரிந்தது.

மறுநாள் போளூர் சாலையில் மல்லாட்டை உடைக்கும் மில் வைத்திருந்த ஜெயபால் நயினாரிடம் போனேன். அவர் என்னைப் பின்பக்கம் கூட்டிப்போனார். ஆள் உயரத்துக்குக் குவியல். ஒரு மூலையில் புகைந்துகொண்டிருந்தது.

"இங்க ஜாஸ்தியா சேந்துடுது சார். எடம் அடைக்குதுனு நாங்களே கொளுத்திட்றோம். எடுத்துனு போனீங்கனா புண்ணியமாப் போவும்."

பயணத்தை இரண்டு நாள் நீட்டித்தேன். ஏழு மில்களுக்குப் போய்க் குவியல்களை அளந்தேன். மில் தோலை மட்டும் நம்பி, முதலில் நினைத்ததில் மூன்றில் ஒரு பங்கு அளவில் மின் நிலையம் போதும் என்று எழுதினேன்.

"இவ்ளோ சின்னதாவா?" என்றார் சென்னையில் மேலதிகாரி.

"சின்னதுதான் சார். ஆனா வருஷம் முழுக்க ஓடும். பெருசா கட்டினா ஆறே மாசத்துல எரிக்க எதுவும் இருக்காது."

அவர் ஒரு வாரம் கோப்பைத் திருப்பி அனுப்பவில்லை. என் வேலைக்கே ஆபத்து என்று நண்பர்கள் பயமுறுத்தினார்கள். பிறகு கையெழுத்தாகி வந்தது. நிலையம் கட்டி முடிக்க மூன்று வருடம் பிடித்தது. தோல் இல்லை என்று ஒரு நாள்கூட அது நிற்கவில்லை.

போகிறவர்களுக்குச் சொல்வது இவ்வளவுதான். அறுவடை முடிந்த கையோடு போங்கள். பௌர்ணமியைத் தவிருங்கள், கிரிவலக் கூட்டத்தில் அறை கிடைக்காது. ஏக்கர் கணக்கு கையில் இருக்கட்டும், தப்பில்லை. ஆனால் ஊருக்குள் காலை எட்டு மணிக்கு நுழையுங்கள். வீட்டுக்கு வீடு சமையல் நடக்கும் நேரம் அது. எது உண்மையிலேயே மிச்சம் என்று அப்போதுதான் தெரியும்.