உத்திரமேரூரில் பச்சை மீன்

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரை மணிக்குத் தாம்பரத்தில் காஞ்சிபுரம் பேருந்து ஏறினோம், நானும் என் கணவர் பாஸ்கரனும். போகிற இடம் உத்திரமேரூர். வெளியூர்க்காரர்கள் அந்த ஊருக்குப் பெரும்பாலும் கல்வெட்டுப் பார்க்கத்தான் போவார்கள். நாங்கள் போனது சாப்பிட.

அங்கே வந்தவாசி சாலையில் ஒரு பெண் ஜப்பான் சமையல் கடை வைத்திருக்கிறார், சுஷி விற்கிறார் என்று கேள்விப்பட்டதிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. கைப்பேசியில் அந்தக் கடையைப் பற்றி மக்கள் எழுதியிருந்ததைப் படித்த பிறகு ஆசை இன்னும் கூடியது. ஒருவர் ஐந்து நட்சத்திரம் கொடுத்து, ‘சென்னையில கூட இப்படிக் கிடைக்காது’ என்று எழுதியிருந்தார். அடுத்தவர் ஒரே ஒரு நட்சத்திரம்: ‘ஆறிப்போன சோத்தை உருட்டி வெச்சிக்கினு காசு கேக்குறாங்க. இது எங்க வூட்லயே கீது.’ மூன்றாமவர் நடுநிலைவாதி: ‘இறால் சூப்பர். குச்சிதான் பேஜார்.’

“பச்சை மீனைத் திங்கறதுக்கு தொண்ணூறு கிலோமீட்டரா?” என்றார் பாஸ்கரன். நான் பத்திரிகைக்குப் பயணக் கட்டுரை எழுதுவதில் அவருக்கு மறுப்பில்லை. ஆனால் வெளியில் சாப்பிடுவதென்றால் இட்லிக்கு மேல் போகமாட்டார். நான் தனியாகப் போகக்கூடாது என்பதற்காகவே வந்தார். அதை இங்கே சொல்லியாக வேண்டும்; மீதிக் கதையில் அவரைப் பற்றி நல்லதாகச் சொல்ல அதிகம் இடம் வராது.

ஒன்பதரை மணி, காஞ்சிபுரம் பேருந்து நிலையம். பசி தாங்காமல் அங்கேயே ஒரு தள்ளுவண்டியில் வடை வாங்கினார். எண்ணெய் கறுத்துக் கிடந்தது. வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். “போற இடத்துல எனக்கு ஒண்ணும் இறங்காது, இதையாவது சாப்பிடறேன்” என்று சாம்பாரை வேறு ஊற்றிக்கொண்டார்.

அங்கிருந்து உத்திரமேரூர் முப்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. பாலாற்றுப் பாலத்தைத் தாண்டும்போது ஆற்றில் மணலும் நாணலும்தான் இருந்தன. பிறகு இரு பக்கமும் நெல், நடுநடுவே மனை பிரித்துக் கொடி நட்ட வயல்கள். மாகறல் நெருங்கும்போது பாஸ்கரன் என் கையைப் பிடித்தார். முகம் வெளுத்து வியர்த்திருந்தது. நான் தண்ணீர் எடுப்பதற்குள் சன்னலுக்கு வெளியே தலையை நீட்டி வாந்தி எடுத்துவிட்டார்.

நடத்துனர் ஓடி வந்தார். “இன்னா சார், முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லி இருந்தா வண்டிய நிறுத்தி இருப்போமே. பின்னாடி சீட்ல ஆளுங்க கீறாங்க இல்ல?”

பின் சீட்டில் இருந்தவர் தன் சட்டையைத் துடைத்துக்கொண்டே, “வுடுங்க, உடம்புக்கு முடியாதவரு” என்றார். நான் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். பாஸ்கரன் கண்ணை மூடிக்கொண்டார்.

பதினொரு மணிக்கு மேல் உத்திரமேரூரில் இறங்கினோம். திரும்பிவிடலாம் என்றேன். “பித்தம், வேற ஒண்ணுமில்ல” என்று மறுத்தார். பெருமாள் கோயிலுக்குள் சிறிது நேரம் உட்கார்ந்தோம். சுவர் நிறைய எழுத்துகள். யார் ஊர்ச்சபைக்கு வரலாம், யார் வரக்கூடாது என்றெல்லாம் பொறித்திருக்கிறார்கள். பொய் சொன்னவர்களைப் பற்றி அதில் ஏதும் இருக்கிறதா என்று அப்போது நான் பார்க்கவில்லை.

பன்னிரண்டரை மணிக்குக் கடைக்குள் நுழைந்தோம். டைல்ஸ் கடைக்கும் உரக்கடைக்கும் நடுவில் சின்ன இடம், ஐந்து மேசை. கடைக்காரர் அமுதாவுக்கு நாற்பது வயதிருக்கும். ஒரகடம் பக்கம் ஜப்பான் பொறியாளர்கள் தங்கும் விடுதியில் பல வருடம் சமையல் வேலை பார்த்தவர். அங்கே இருந்த ஜப்பானியச் சமையல்காரரிடம் கற்றுக்கொண்டாராம். அவருடைய கணவர் சேகர்தான் பரிமாறுகிறார். வெள்ளரிக்காய் வைத்துச் சுருட்டிய சோற்று உருளை நூற்றிருபது ரூபாய், வெந்த இறால் வைத்தது நூற்றெண்பது, பச்சைச் சூரை மீன் இருநூற்று நாற்பது.

“மீனு சென்னையில ஏத்துமதி கம்பெனில இருந்து வருது மேடம். உறைய வெச்சித்தான் வரும். கடல்ல இருந்து நேரா வர்றதை நாங்க பச்சையா குடுக்கறதே இல்ல” என்றார் சேகர், நான் கேட்காமலேயே. பலரும் கேட்டிருக்க வேண்டும்.

ஒரு மேசையில் உரக்கடைக்காரர் இறால் உருளையை ஆவக்காய் ஊறுகாயில் தொட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஊறுகாயை அவரே வீட்டிலிருந்து கொண்டுவருவாராம். “இது இல்லன்னா எனக்கு எறங்காது. அமுதா கண்ணை மூடிக்கும்” என்று சிரித்தார். நான் வெள்ளரிக்காயில் தொடங்கினேன். புளிப்பும் லேசான இனிப்பும் கலந்த சோறு, கடற்பாசித் தாளின் உப்பு வாசனை. எனக்குப் பிடித்திருந்தது.

பக்கத்து மேசையில் ஒரு குடும்பம். வெள்ளைச் சட்டையும் வேட்டியுமாக அப்பா, பட்டுப் புடவையில் அம்மா, இருபத்திரண்டு வயதில் மகள். மகள் சாப்பிடும் குச்சிகளை லாவகமாகப் பிடித்திருந்தாள். பெயர் பவித்ரா. மானாம்பதியிலிருந்து வந்திருக்கிறார்கள். நர்சிங் முடித்துவிட்டு, ஏனாத்தூர் பக்கம் ஓரிடத்தில் ஜப்பான் மொழி படிக்கிறாளாம். ஜப்பானில் முதியோரைக் கவனித்துக்கொள்ளும் வேலை கிடைத்திருக்கிறது. அப்பா ஏழுமலைக்குத்தான் மனம் வரவில்லை.

“அந்த ஊர்ல இன்னாத்த சாப்டுவன்னு கேட்டேங்க. வந்து பாரு நைனான்னு இஸ்துகினு வந்துட்டா” என்று என்னிடம் சொன்னார் ஏழுமலை. முன்னால் இருந்த தட்டை அவர் இன்னும் தொடவில்லை. ஆனால் முகத்தில் சிரிப்பு இருந்தது.

“பாரு நைனா” என்று பவித்ரா ஒரு துண்டு சூரை மீனை எடுத்து வாயில் போட்டாள். அம்மா முகத்தைச் சுளித்தாள். அப்பா மகளின் வாயையே பார்த்தார்.

அந்த நேரத்தில்தான் பாஸ்கரன், நான் அவருக்கும் சேர்த்து வாங்கியிருந்த, அதுவரை தொடாமல் வைத்திருந்த சூரை மீனை எடுத்தார். ஒரு பெண் பிள்ளை சாப்பிடுகிறாள், தான் தயங்குவதா என்று நினைத்திருப்பார். ஓரத்தில் வைத்திருந்த பச்சை உருண்டையைத் துவையல் என்று எண்ணி முழுதாகச் சேர்த்து விழுங்கினார். அது வசாபி, மூளை வரை ஏறும் காரம். கண்ணில் நீர் பொங்க, வாயைப் பொத்திக்கொண்டு கை கழுவும் இடத்துக்கு ஓடினார். அவர் வாந்தி எடுத்த சத்தம் எல்லோருக்கும் கேட்டது.

திரும்பி வந்தபோது கடையே அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. அந்தப் பார்வையை அவரால் தாங்க முடியவில்லை என்று எனக்குத் தெரிந்தது. முப்பது வருடமாக அவருடன் வாழ்கிறேன்.

“கெட்டுப்போன மீனைப் போட்டு ஆளைக் கொல்லப் பாக்கறீங்களா?” என்று கத்தினார். “காலைலேர்ந்து நல்லா இருந்தேன். இதைச் சாப்பிட்ட நிமிஷம் குடலைப் புரட்டுது. சுகாதார ஆபீசருக்கு போன் போடறேன் பாரு!”

சேகர் கையைப் பிசைந்தபடி நின்றார். “சார், கார உருண்டை சார் அது, மீனு நல்ல மீனு…” உள்ளேயிருந்து அமுதா கையில் கத்தியோடு வெளியே வந்தார். கத்தியைப் பிடித்திருப்பது நினைவுக்கு வந்ததும் திரும்பிப் போய் அதை வைத்துவிட்டு வந்தார்.

பவித்ராவின் அம்மா மகளின் தட்டைப் பிடுங்கிக் கீழே வைத்தாள். “துப்புடி! துப்பு!”

“அம்மா, எனக்கு ஒண்ணும் ஆவலம்மா.”

ஏழுமலையின் சிரிப்பு போய்விட்டது. நூறு ரூபாய்த் தாள்களை மேசையில் வைத்தார். “எழுந்திரும்மா. பாத்தாச்சி. போதும்.”

ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். ‘இவர் பேருந்திலேயே வாந்தி எடுத்தார், வடைதான் காரணம்.’ அது என் நாக்கில் இருந்தது. அத்தனை பேர் முன்னால் கணவரைப் பொய்யர் ஆக்குவதா என்று தயங்கினேன். அப்படித் தயங்கிக்கொண்டே ஒரு தட்டையும் அதில் தொட்டுக்கொள்ள வைத்து மீந்திருந்த இஞ்சியையும் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர்களுடைய பைக்குகள் கிளம்பும் சத்தம் கேட்டது.

பாஸ்கரன் சோடா குடிக்க வெளியே போன பிறகுதான் அமுதாவிடம் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தார்.

“அந்தப் பொண்ணு ஒரு மாசமா சொல்லிக்கினு இருந்திச்சி மேடம். எங்க நைனாவ இட்டுக்கினு வரேன், நல்லா செஞ்சி குடுங்கக்கான்னு. காலைல இருந்து அவங்களுக்காகத்தான் செஞ்சேன்.”

உரக்கடைக்காரர் ஊறுகாய்ப் புட்டியை மூடிப் பையில் வைத்துக்கொண்டு, எங்கள் யாரையும் பார்க்காமல் போனார்.

சேகரிடம் வழி கேட்டுக்கொண்டு மானாம்பதிக்கு ஆட்டோ பிடித்தேன். பாஸ்கரன் வரவில்லை. “என்னை அசிங்கப்படுத்தத்தான் போறே” என்று பேருந்து நிலையத்திலேயே உட்கார்ந்துவிட்டார். பத்துக் கிலோமீட்டர் தூரமும் என்ன சொல்வது என்று மனத்துக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன்.

இரண்டரை மணி. ஏழுமலை டிராக்டர் கொட்டகையில் இருந்தார். உட்காரச் சொன்னார், மோர் கொடுத்தார்கள். நான் நடந்ததைச் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசவில்லை.

“சரிங்க, மீனு மேல தப்பு இல்ல. ஒத்துக்கறேன்” என்றார். “ஆனா ஒண்ணு கேக்கறேன். ஒரு ஆளு தனக்கு வெக்கமாப் பூட்டுதுன்னு அடுத்தவங்க தலையில பழிய போட்டாரு. கூட இருந்தவங்க தெரிஞ்சும் வாயத் தொறக்கல. இது நம்ம ஊருலயே நடக்குது. அங்க எம் பொண்ணு மேல எவனாவது பழி போட்டா, அவளுக்காக யாரு ஆட்டோ புடிச்சிக்கினு வருவாங்க?”

நான் மோர் தம்ளரைக் கீழே வைத்தேன். எழுந்து கும்பிட்டுவிட்டு வெளியே வந்தேன்.

பவித்ரா ஆட்டோ வரை வந்தாள். அழுத முகம். “ஆன்ட்டி, பஸ்ல அவரு வாந்தி எடுத்தப்ப நீங்க பக்கத்துலதான இருந்தீங்க?”

“ஆமாம்மா.”

“கடையிலயும் பக்கத்துலதான இருந்தீங்க” என்றாள்.

வீட்டுக்கு வந்து இரண்டு நாள் கழித்து, ரசச் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் பாதியில் நிறுத்தி, “அந்த மானாம்பதிக்காரர் நம்பர் இருக்கா?” என்று கேட்டார். சேகரிடம் கேட்டு வாங்கிக் கொடுத்தேன். கூடத்துக்குப் போய், என் காதில் விழும்படியாகவே பேசினார்.

“நான் அன்னிக்குக் கடையில சத்தம் போட்டவங்க… ஆமாங்க. பொய்தாங்க. எல்லாரும் பாத்தாங்களா, கூசிப் போச்சு… இல்லங்க, அவ மேல தப்பில்ல, என் மேலதான்.”

அந்தப் பக்கம் நீண்ட நேரம் பேச்சு. பிறகு பாஸ்கரன், “சரிங்க, வரேன்” என்றார். போனை வைத்துவிட்டு என்னிடம் சொன்னார்: “அதே மீனை அவர் எதிர்ல நான் சாப்பிடணுமாம். அப்பத்தான் பொண்ணை மறுபடி அந்தக் கடையில சாப்பிட விடுவாராம்.”

அடுத்த ஞாயிறு அதே வழி, அதே பேருந்து. காஞ்சிபுரத்தில் அவர் தண்ணீர் தவிர எதையும் தொடவில்லை. பன்னிரண்டு மணிக்கு நாங்கள் போனபோது ஏழுமலை குடும்பத்தார் மூவரும் முன்பே வந்திருந்தார்கள். பாஸ்கரன் நேராக அடுப்படி வாசலுக்குப் போய் நின்று, “அம்மா, நான் சொன்னது பொய். என்னை மன்னிச்சிடுங்க” என்றார். அமுதா மீனை அறுப்பதை நிறுத்தாமல், “உக்காருங்க சார்” என்றார்.

ஆறு துண்டு. பச்சை உருண்டையைச் சேகர் வைக்கவே இல்லை. முதல் துண்டை வாயில் போட்டதும் பாஸ்கரனின் தோள்கள் குலுங்கின. மென்றார், விழுங்கினார். இரண்டாவதற்கு நெற்றியில் வியர்வை. மூன்றாவதில் கண்ணை மூடிக்கொண்டார். ஏழுமலை பஞ்சாயத்துக்காரரைப் போல இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். நான்காவதை எடுக்கும்போது அமுதா வந்து தட்டை நகர்த்தினார்.

“புடிக்கலன்னா வெச்சிடுங்க சார். எத்தனையோ பேரு புடிக்கலன்னு சொல்லிட்டுத்தான் போறாங்க. அதுக்கெல்லாம் நான் வருத்தப்பட்டதே இல்ல.”

“பிடிக்கல” என்றார் பாஸ்கரன், மெதுவாக. “ஆனா நல்ல மீன்தாங்க.”

பவித்ரா முதலில் சிரித்தாள். பிறகு அவள் அம்மா. பவித்ரா தன் தட்டை முழுவதும் சாப்பிட்டாள். அம்மா வெள்ளரிக்காயில் இரண்டை உண்டு, “பழைய சோத்துல வெள்ளரிக்கா கடிச்சிக்கினா மாதிரிதான் கீது” என்றாள். ஏழுமலை கடைசிவரை எதையும் தொடவில்லை. எழுந்து வந்து பாஸ்கரனிடம் கேட்டார்:

“அங்க பனி கொட்டுமாமே. நல்ல ஸ்வெட்டரு சென்னையில எங்க சார் கெடைக்கும்?”

பவித்ரா தலையைக் குனிந்துகொண்டாள். குச்சிகளைத் தட்டின் மேல் சேர்த்து வைத்தாள்.

மாலை நான்கு மணிப் பேருந்தில் ஏறினோம். வழியனுப்ப அவர்கள் பேருந்து நிலையம் வரை வந்தார்கள். ஏழுமலை பாஸ்கரனின் கையைப் பிடித்துக் குலுக்கினார். “போய்ட்டு வாங்க அங்கிள்” என்று பவித்ரா சன்னல் வழியாக அவரிடம் சொன்னாள். வண்டி கிளம்பும்வரை என்னைத் தாண்டி அவரைப் பார்த்துத்தான் கையசைத்தாள். சன்னலோரம் உட்கார்ந்திருந்தது நான்.