தூக்கம் என்றுதான் நினைத்தார்

ஹேவாஹெட்டயில் வேலை சரிவராமல் கண்டிக்கு நடந்துகொண்டிருந்தேன். மழையைப் பார்த்து ஒரு கடை முதலாளி காரில் ஏற்றிக்கொண்டார். கண்ணாடிகள் மூடியிருந்தன. பின்சீட்டில் அவர் மனைவி தூங்கினார். கொஞ்ச தூரத்திலேயே எனக்குத் தலை சுற்றியது. முன்பு கராஜில் எடுபிடியாக இருந்ததால், கீழே கேட்ட டக்டக் சத்தம் சைலன்சர் குழாயில் நச்சுப் புகை கசிவது என்று தெரிந்து முதலாளியிடம் சொன்னேன்.

"நேத்துதானே அந்தக் குழாயில ஒக்சிஜன் சென்சர் மாத்தினேன்!" என்றார்.

"அக்காவ எழுப்புங்க, முதலாளி."

"அவ கார்ல ஏறினாலே தூங்கிருவா" என்று சிரித்தபடி கூப்பிட்டார். அசைவில்லை. காரை நிறுத்தி, இருவருமாக அவரை மழையில் இறக்கினோம். வாந்தி எடுத்துக் கண் விழித்தவர், "சாரி நனையுது, பைத்தியமா ஒங்களுக்கு?" என்று திட்டினார். முதலாளி அழுதுவிட்டார்.

கராஜில் புதுச் சென்சரைக் குழாயில் சரியாக இறுக்காமல் விட்டிருந்தார்கள்; அந்த இடைவெளியில்தான் புகை கசிந்திருக்கிறது. இப்போது எந்த மழையிலும் கண்ணாடியைச் சற்று இறக்கிக்கொண்டுதான் காரில் உட்காருகிறேன். அந்தச் சம்பவத்துக்கு மறுநாள் காலை, அந்த அக்கா சொல்லி, அவர்கள் கடையிலேயே மூட்டை தூக்கச் சேர்ந்தேன்.