பொட்டு வைத்த கெட்டில்கள்

ஒரு பொருள் பாதுகாப்பானது என்று அதைச் செய்தவன் சொன்னால் எவனும் நம்ப மாட்டான். அதைச் செய்யவே தெரியாத ஒருவன் கையெழுத்துப் போட்டுச் சொன்னால் கப்பல்கூட நம்பி ஏற்றிக்கொள்ளும். அந்தக் கையெழுத்தை வாங்கித் தருவதுதான் எங்கள் தொழில். உட்கார்ந்திருப்பது மைசூரில் ஒரு பேக்கரிக்கு மேல் மாடியில். பெயர் சர்வதேசப் பொருள் சான்றிதழ். மாதச் சம்பளத்துக்காக மனசாட்சியைச் சாப்பாட்டு டப்பாவோடு மூடி எடுத்துப்போகும் வாசகர்களே, உங்களுக்கு இதில் புதிதாக எதுவும் இருக்காது.

பதவி

ஒரு காலத்தில் மைசூர் ஹெப்பாள் தொழிற்பேட்டையின் வாசல்களில் துண்டறிக்கை கொடுத்தவன் நான். நான் படித்ததெல்லாம் துண்டறிக்கைகளில்தான், எழுதியதும் அவற்றில்தான். வேலை செய்த ஆலை என்னை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தியது. பிறகு அந்தக் கதவையும் விற்றுவிட்டது. தொழிலாளர் சட்டத்தை வரி வரியாகப் படித்துப் பழகிய கண் என்பதால், ஐரோப்பிய மின்சாதன விதிகளைப் படிக்க இந்த நிறுவனம் என்னைச் சேர்த்துக்கொண்டது. பதவி, ப்ராஜெக்ட் மேனேஜர்.

நேர்காணலில் என் மகன் வயதுள்ள விகாஸ் எதிரே உட்கார்ந்திருந்தார். அவர்தான் இன்றுவரை என் மேலதிகாரி. ஆட்களை நிர்வகித்த அனுபவம் உண்டா என்று கேட்டார். கையைத் தூக்கினால் ஒரு ஷிப்டே எழுந்து வெளியே வரும் என்றேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "சூப்பர் சார். ஆனா இங்க நீங்க மேனேஜ் பண்ண ஆளுங்க யாரும் இல்ல, மெயில் மட்டும்தான்."

தங்கச் சாம்பிள்

ஆய்வகத்துக்கு அனுப்புவதற்கென்றே தனியாக, அக்கறையாக, நல்ல பாகங்கள் போட்டு ஒரு பொருளைச் செய்வார்கள். எங்கள் தொழிலில் அதற்குத் தங்கச் சாம்பிள் என்று பெயர். சான்றிதழ் வந்ததும் தங்கம் தகரமாகிவிடும்.

ஹெப்பாளில் மின்சாரக் கெட்டில் செய்யும் நாகராஜ் என் பொறுப்பில் வந்த வாடிக்கையாளர். ஐரோப்பாவிலிருந்து ஒரு பெரிய ஆர்டர், சான்றிதழ் கிடைத்தால் அவருக்கு. தண்ணீர் இல்லாமல் கெட்டிலைப் போட்டால் அது தானாக அணைய வேண்டும் என்பது விதி. அவர் ஆய்வகத்துக்கு அனுப்பிய கெட்டில் சமர்த்தாக அணைந்தது. பிறகு ஒருநாள் தொழிற்சாலைக்குப் போனபோது, லைனில் மாட்டிக்கொண்டிருந்த ஸ்விட்ச் வேறாக இருந்தது. விலை குறைந்தது, குணமும் குறைந்தது. நான் விகாஸிடம் போய், இது யார் வீட்டையாவது எரிக்கும் என்றேன். அவர் மடிக்கணினியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: "சார், நாம போலீஸ் இல்ல, சர்வீஸ்."

கருணை

தசராவுக்குப் பிறகு ஐரோப்பிய ஆய்வாளர் நேரில் வந்து தொழிற்சாலையைப் பார்ப்பதாக இருந்தது. அதற்குள் ஸ்விட்சை மாற்றுங்கள், இல்லாவிட்டால் என் அறிக்கையில் எழுதுவேன் என்று நாகராஜிடம் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. நாற்காலி போட்டார், காபி சொன்னார், கண்ணாடி வழியாக லைனைக் காட்டினார். கெட்டில் லைனில் இருபது பெண்கள், எல்லாரும் ஒப்பந்தக் கூலி. பாதிப்பேர் தமிழ்நாட்டு எல்லையோரத்து ராமாபுரத்துப் பக்கத்துத் தமிழர்கள். ஆர்டர் போனால் லைன் மூடப்படும், அவ்வளவுதான் என்றார்.

முதலாளிகள் தொழிலாளிகளை நினைத்துக் கண்கலங்குவதை நான் முன்பும் பார்த்திருக்கிறேன்; போனஸ் கேட்கும்போது கலங்குவார்கள். ஆனால் இவர் ஆளறிந்து அடித்தார். தொழிலாளிகளிடம் கற்ற தமிழில், கன்னடமும் கலந்து மெதுவாகக் கேட்டார்: "கேட்ல நின்னு இவங்களுக்காகக் கத்தினவர் நீங்க. இப்ப உங்க கையாலயே இவங்களை ஊருக்கு பஸ் ஏத்துவீங்களா, ஹேளி சார், சொல்லுங்க?"

பொட்டு

ஸ்விட்ச் மாறவில்லை. மாறாக, நல்ல ஸ்விட்ச் போட்ட கெட்டில்கள் கொஞ்சம் தனியாகச் செய்யப்பட்டு, ஆய்வாளர் கை எட்டும் இடத்தில், முன்வரிசை ராக்கில் அடுக்கப்பட்டன. நடுவில் ஆயுத பூஜை வந்தது. இயந்திரங்களுக்கெல்லாம் சாமந்தி, வாழைக்கன்று, பொரி. லைன் லீடர் செல்வி குங்குமக் கிண்ணத்தோடு ஒவ்வொன்றாகப் பொட்டு வைத்துக்கொண்டே வந்தாள். முன்வரிசைக் கெட்டில்களுக்கும் வைத்தாள். பின்வரிசைக்கு வைக்கவில்லை.

ஆய்வாளர் வந்தார். நல்ல உயரம், ராக்கின் மேல்தட்டைக் குனிந்து பார்க்கும் உயரம். சில கெட்டில்களில் சிவப்புப் புள்ளி, சிலவற்றில் இல்லை. இது என்ன தரக் குறியீடு என்று செல்வியிடமே ஆங்கிலத்தில் கேட்டார். மொழிபெயர்க்க அங்கே நான் ஒருவன்தான். நான் கேட்டுச் சொன்னதும் அவள் வெள்ளந்தியாகப் பதில் சொன்னாள்: "அது உங்களுக்குக் காட்டற பீசுங்க. நல்லபடியா பாசாகட்டும்னு பொட்டு வச்சனுங்க. பின்னால இருக்கறது சும்மா விக்கற பீசுங்க."

நாகராஜ் என்னைப் பார்த்தார். அவருக்குத் தமிழ் புரியும், ஆய்வாளருக்குப் புரியாது. பூஜை வழக்கம் என்று ஒரே வரியில் முடித்திருக்கலாம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மற்றப் பெண்கள் வேலையாக இருந்தார்கள். அந்தக் கெட்டிலை வாங்கப்போகிறவர்கள் எங்கேயோ இருந்தார்கள். அவர்களுக்குச் சங்கம் கிடையாது. அவள் சொன்னதை ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தேன்.

ஆய்வாளர் பொட்டில்லாத ஒன்றை எடுத்துத் தண்ணீர் ஊற்றாமல் போட்டார். அது அணையவே இல்லை. அடிப்பாகம் இளகி மேசையில் ஒட்டிக்கொண்டது. அவர் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கிண்டலே இல்லாத முகத்தோடு என்னிடம் சொன்னார்: "அருமையான முறை. எல்லாத் தொழிற்சாலைகளும் இப்படிக் குறி வைத்தால் என் வேலை சுலபமாகிவிடும்."

சரி

சான்றிதழ் நிறுத்தி வைக்கப்பட்டது. எல்லாவற்றிலும் சரியான ஸ்விட்ச் போட வேண்டும், பழைய கெட்டில்களை உடைத்தெறிய வேண்டும், அப்படிச் செய்ததாக எழுதித் தர வேண்டும், ஆய்வாளர் மறுபடி வருவார் என்பது நிபந்தனை. புது ஸ்விட்ச் வரும்வரை லைன் மூடிக் கிடந்தது. மூடிய நாளுக்குக் கூலி இல்லை. விகாஸ் என்னிடம் மூன்று விதமாக வருத்தப்பட்டார், மூன்றும் மெயிலில்.

பஸ் நிறுத்தத்தில் செல்வியைப் பார்த்தேன். நியாயத்தை விளக்க ஆரம்பித்தேன். பழைய பழக்கம், கூட்டம் ஒரே ஆளாக இருந்தாலும் பேச்சு வந்துவிடும். பொறுமையாக முடிக்கவிட்டு அவள் சொன்னாள்: "நீங்க சொன்னது சரிதானுங்கண்ணா. சரின்னு சொன்னா கடைக்காரரு அரிசி குடுக்க மாட்டேங்கறாரு."

தீபாவளிப் பரிசு

புது ஸ்விட்ச் வந்தது, லைன் ஓடியது, பெண்கள் திரும்பினார்கள். பழையவற்றை உடைத்துவிட்டதாக நாகராஜ் எழுதிக் கொடுத்தார். தீபாவளிக்கு முன்னால் அவருக்குக் கருணை மறுபடி பொங்கி, லைனில் இருந்த ஒவ்வொருவருக்கும் ஜிகினாத் தாள் சுற்றிய ஒரு பரிசு கொடுத்தார். செல்வி தன்னுடையதை என் அலுவலகத்துக்கே கொண்டுவந்து மேசையில் வைத்துப் பிரித்தாள். அடியைத் திருகிப் பார்த்தேன். அதே பழைய ஸ்விட்ச். ஐரோப்பியனைக் கொல்லக் கூடாது என்று நாம் தடுத்த கெட்டில், ராமாபுரத்துக்குப் பண்டிகைச் சீராகப் போகிறது. "இதுக்கு யாருங்கண்ணா சர்டிபிகேட் குடுக்கறது?" என்றாள்.

வெகுகாலத்துக்குப் பிறகு ஒரு துண்டறிக்கை எழுதினேன். தண்ணீர் இல்லாவிட்டால் இது அணையாது, வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள், திருப்பிக் கொடுங்கள் என்று மூன்றே செய்திகள். கீழே என் பெயர் போட்டேன், பதவி போடவில்லை. மறுநாள் காலை ஷிப்டுக்கு வாசலில் நின்று கொடுத்தேன். அதற்கு அடுத்த நாள், நாகராஜின் அறை வாசலில் இருபது கெட்டில்களும் வரிசையாக நின்றன, ஒவ்வொன்றின் நெற்றியிலும் குங்குமம். மதியத்துக்குள் எல்லாம் பின்கட்டில் சம்மட்டியால் உடைபட்டன. ஆளுக்கு ஒரு ஏற்றுமதிக் கெட்டில் கிடைத்தது. ஆனால் அதற்கு முன் நாகராஜ், பண்டிகைப் பரிசுக்கு எதற்கம்மா பொட்டு என்று கேட்டிருக்கிறார். செல்வி பணிவாகச் சொன்னாளாம்: "இதுகளும் காட்டற பீசுங்க சார். அந்த உயரமான சார் திரும்பி வருவாரில்லைங்களா."

இத்தனை காலம் நான் அச்சடித்த காகிதமெல்லாம் சாதிக்காததை ஒரு சிட்டிகை குங்குமம் சாதித்தது என்று எழுத எனக்கு மனசு வராததால், அது என் துண்டறிக்கையால்தான் நடந்தது என்று இதன்மூலம் நானே சான்றளிக்கிறேன்.